படகின் வயிற்றில் ஒரு மூடை நீர்

மலைநாட்டுக்குப் போய்த் திரும்பியவர்கள் சொல்லும் கதைகளில் குளிர் இருக்கும்; பனிமூட்டம் இருக்கும்; சிவனொளிபாத மலையின் சூரியோதயம் கட்டாயம் இருக்கும். 2023ஆம் ஆண்டு ஏப்ரல் விடுமுறையில் அட்டன் பக்கம் சென்று பன்னிரண்டு நாட்கள் தங்கிவந்த நான் சொல்லப்போவது அவற்றைப் பற்றியல்ல. ஒரு பழைய பாய்ப்படகின் வயிற்றுக்குள் யாரும் அறியாமல் தேங்கிக் கிடந்த நீரைப் பற்றியும், அதை வெளியேற்ற நாங்கள் பட்ட பாட்டைப் பற்றியுமே எழுதப்போகிறேன். வடமராட்சிக் கடற்கரையில் பிறந்த ஒருவன், படகைப் பற்றிய பாடத்தைக் கடல்மட்டத்திற்கு ஆயிரம் மீற்றருக்கு மேலே, தேயிலைச் செடிகளுக்கு நடுவே படிக்க நேர்ந்தது வேடிக்கைதான். ஆயினும் அதை வேடிக்கையாக எழுத எனக்கு மனம் வரவில்லை. அந்தப் படகில் என் மகள் இருந்தாள்.

என் மனைவியின் தம்பி, காசல்ரீ நீர்த்தேக்கத்தை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் எழுதுவினைஞராக இருக்கிறார். "அக்காவையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு இந்த முறையாவது வாருங்கோ, அத்தான்" என்று மூன்று வருஷமாக அழைத்துக்கொண்டிருந்தார். கொழும்புக் கோட்டையிலே காலைப் புகையிரதம் ஏறினோம். நாவலப்பிட்டியைத் தாண்டியதும் வண்டி மூச்சு வாங்கத் தொடங்கிற்று. கோப்பியை இறக்குவதற்காகவே வெள்ளைக்காரர் மலைநாட்டுக்கு இருப்புப்பாதை போட முற்பட்டனர். அந்தப் பாதை 1885இல் நானுஓயாவை எட்டியபோது கோப்பி நோய் கண்டு அழிந்து, அந்த இடத்தில் தேயிலை குடிபுகுந்திருந்தது. அட்டனில் இறங்கி, டிக்கோயா வழியாக நோர்வூட் செல்லும் பஸ்ஸில் அமர்ந்தோம். ஒரு வளைவு திரும்பியதும் மலையடிவாரமெல்லாம் நீராக விரிந்தது. மகள் "கடல்!" என்று கூவினாள். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

கடலுமன்று, இயற்கையான ஏரியுமன்று. கெசல்கமு ஓயாவை மறித்து 1965ஆம் ஆண்டளவில் உண்டாக்கிய நீர்த்தேக்கம் அது. அங்கிருந்து நீர் மலையைக் குடைந்த சுரங்க வழியாக நோர்ட்டன் பிரிட்ஜிலுள்ள விமலசுரேந்திர மின்நிலையத்துக்குச் செல்கிறது. இந்த மலையாறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இலேயே கட்டுரை படித்தவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. நீருக்கு மேலே மேட்டில், 1878ஆம் ஆண்டின் வார்லி தேவாலயம் நிற்கிறது. அதன் முற்றத்திலே தோட்டத் துரைமாரின் கல்லறைகள் உள்ளன. அடுத்த பள்ளத்தாக்கிலே 1969இல் மவுசாக்கலை நீர்த்தேக்கம் நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரம் முழுவதுமே நீருக்குள் போயிற்று. கடும் வரட்சியிலே நீர் வற்றும்போது பழைய கோயிற் கட்டடம் மெல்லத் தலைகாட்டும். அப்போது ஊரார் திரண்டுபோய்ப் பார்த்து வருவர்.

மைத்துனரின் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதிலேதான் படகு கிடந்தது. எந்தக் காலத்திலோ ஒரு துரை வாங்கிப் போட்ட பைபர் படகு. நான்கு மீற்றர் நீளம் இருக்கலாம். பங்களாவின் பின்புறத்தில் மழையிலும் வெயிலிலும் பல வருஷம் கிடந்து, இடத்தைத் துப்புரவு செய்தபோது "வேண்டுமானால் எடுத்துக்கொள்" என்று மைத்துனருக்குக் கிடைத்தது. அவர் அதற்கு நீலவர்ணம் பூசி, பாய்த்துணி தைப்பித்து, ஏரியில் விடுவதற்கு வேண்டிய அனுமதியும் வாங்கி வைத்திருந்தார். கடற்கரைக்காரனாகிய நான் வந்து பார்த்து ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்பது அவருடைய ஆசை.

நான் பார்த்தேன். அடியைத் தடவினேன், வெடிப்பில்லை. உட்புறத்தைப் பார்த்தேன்; ஒரு சொட்டு நீரில்லை. பௌதிகம் படிப்பிக்கிறவன் என்ற பெருமையும் சேர்ந்துகொள்ள, "நல்ல படகு" என்று தீர்ப்பு வழங்கினேன்.

கொட்டகையிலிருந்து நீர்க்கரைக்குப் படகைச் சுமக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. அவர்களுள் ஒருவர் தோட்டத்திலே வேலைசெய்து ஓய்வுபெற்று, இப்போது மைத்துனரின் மரக்கறித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர். எழுபது வயது. பன்னிரண்டு வயதுச் சிறுவனாக, இந்தப் பள்ளத்தாக்கில் நீர் ஏறுவதைக் கரையிலே நின்று பார்த்தவர். படகை இறக்கி வைத்துவிட்டுத் தோளைத் தேய்த்துக்கொண்டே, "இது படகோட கனம் இல்லீங்க ஐயா. உள்ளுக்குள்ள என்னமோ இருக்குதுங்க" என்றார். நான் புன்னகை செய்தேன். அவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் படகில் ஏறியவரல்லர். அதை நான் முதல்நாளே கேட்டு அறிந்திருந்தேன்.

நீரில் விட்டதும் படகு சற்றே வலப்பக்கம் சாய்ந்து நின்றது. அதற்கும் என்னிடம் விடை இருந்தது. மைத்துனரை இடப்பக்கம் அமரச் செய்தேன், படகு நேரானது. இப்போது நினைத்தால் வெட்கமாயிருக்கிறது. காய்ச்சல்காரனுக்கு வெப்பமானியைக் குளிர்நீரில் நனைத்துக் காட்டுவது போன்ற வைத்தியம் அது.

மகளுக்கு உயிர்காப்பு அங்கி அணிவித்தோம். இருந்தவை இரண்டே, மற்றொன்றை மைத்துனர் அணிந்தார், அவருக்கு நீந்தத் தெரியாது. முதல் அரைமணி நேரம் இனிமையாகவே கழிந்தது. பாய் காற்றை ஏற்றது. தேயிலைக் குன்றுகள் மெல்ல நகர்ந்தன. கொழுந்து பறிக்கும் பெண்கள் நிமிர்ந்து கையசைத்தார்கள். சுக்கானைத் திருப்பினால் படகு ஒரு கணம் யோசித்தே திரும்பிற்று. பழகாத படகென்று எண்ணிக்கொண்டேன். ஏப்ரல் மாதத்து மலைநாட்டு வானத்தை நம்பக்கூடாது. மதியம் கடந்ததும் இடிமேகம் கட்டும். கரைக்கு நாற்பது யார் இருக்கும்போது பக்கத்து மலையிடுக்கிலிருந்து ஒரு காற்று விழுந்தது. படகு வலப்பக்கம் சாய்ந்தது. நான் பாயை அவிழ்த்து விட்டேன். பாயை அவிழ்த்தால் நிமிரவேண்டும். எந்தப் படகும் நிமிரும். இது நிமிரவில்லை. என் காலடியில், பலகைக்கு அடியில், 'களக்' என்று ஏதோ ஓடியது. மறுகணம் மூவரும் நீரில் இருந்தோம்.

மகள் படகின் விளிம்பைப் பற்றிக்கொண்டாள். மைத்துனர் பாய்மரத்தைப் பிடித்திருந்தார். நான் இருவருக்கும் நடுவே நீந்தி நின்றேன். மலைநீரின் குளிர் நெஞ்சுக்குள் புகுந்து குரலை அடைத்தது. ஏரியில் மீன்பிடிக்கும் இளைஞர் இருவர் தங்கள் தோணியைச் செலுத்திவந்து எங்களைக் கரைசேர்த்தனர். எல்லாம் பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. கரையில் நின்ற என் மனைவி மகளைப் போர்வையால் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். என்னிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இரவு உணவு பரிமாறிய பிறகுதான் பேசினாள். "நீங்கள் நல்ல படகு என்று சொன்னபடியால்தான் அவளை ஏறவிட்டனான்."

அன்றிரவு உறக்கம் வரவில்லை. தாய்வழிப் பாட்டனாரின் நினைவு வந்தது. நாங்கள் 'அப்பு' என்று அழைக்கும் அவர், வல்வெட்டித்துறைப் பாய்க்கப்பல்களில் சென்றவர். அந்தத் துறையிலே கட்டிய 'அன்னபூரணி' என்ற கப்பலை ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கிப் பெயர் மாற்றிக் கொண்டுசெல்ல, நம்மவர் மாலுமிகளாயிருந்து அத்திலாந்திக்கைக் கடந்து 1938இல் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்த கதையை அப்பு சொல்ல நாங்கள் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் அவர் அடிக்கடி சொன்னது வேறொன்று. மரக்கலம் என்றால் நீர் ஊறும். பலகைக்கும் பலகைக்கும் இடையே பஞ்சு திணித்துக் கலப்பத்துப் பார்த்தாலும் ஊறும். ஆகவே விடிந்ததும் கப்பலில் எழும் முதற்கேள்வி "தண்ணி பாத்தாச்சோ?" என்பதுதான். அடித்தட்டைத் திறந்து, தேங்கிய நீரை இறைத்த பிறகே தேநீர்.

மரக்கலத்தில் ஊறும் நீர் கண்ணுக்குத் தெரியும். அது வந்து சேரும் இடமும் தெரியும். இக்காலத்துப் பைபர் படகின் விஷயம் வேறு. அதற்கு இரண்டு தோல்: வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. இரண்டுக்கும் நடுவே காற்று அடைத்த அறைகள். படகு கவிழ்ந்தாலும் மூழ்காமல் மிதக்கவேண்டும் என்பதற்காகவே அந்தக் காற்றறைகளை அமைக்கிறார்கள். அவற்றுக்குள் நீர் புகுந்துவிட்டால் வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு அடையாளமே இராது. காப்பாற்றுவதற்கென்று வைத்த அறையே கவிழ்க்கும் பாரமாகிவிடும். நான் வெடிப்பைத் தேடினேன், ஈரத்தைத் தேடினேன், பாரத்தைத் தேடவில்லை. அதைத் தேடியவை பெரியவரின் தோள்கள்.

பாரம் மட்டுமென்றாலும் பெரிதில்லை. கல்லை ஏற்றினால் கல் வைத்த இடத்தில் இருக்கும். நீர் அப்படி இராது. படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் ஓடிச் சேர்ந்து, சாய்வை இன்னும் பெருக்கும். 1987 மார்ச்சில் பெல்ஜியத்துத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட 'ஹெரல்ட் ஒவ் ஃபிரீ என்டர்பிரைஸ்' என்ற பெருங்கப்பல், முகப்புக் கதவு மூடாமல் சென்றதால் வாகனத்தட்டில் நீர் புகுந்து, சில நிமிஷங்களில் கவிழ்ந்து 193 உயிர்களைக் கொண்டது. அந்தத் தட்டில் ஓடிய நீரும் என் காலடியில் ஓடிய நீரும் செய்த வேலை ஒன்றே. இதை நான் வகுப்பில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன்.

மறுநாட் காலை மனைவியின் உத்தரவு பிறந்தது: படகிலுள்ள நீர் கடைசிச் சொட்டுவரை வெளியேறவேண்டும், இல்லையேல் படகை வெட்டிப் போடவேண்டும். மைத்துனரின் முகம் வாடிற்று. நான் பெரியவரிடம் சென்று, "நேற்று நீங்கள் சொன்னதை நான் கேட்கவில்லை" என்றேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "கொழுந்துச் சாக்கு தூக்கின ஒடம்புங்க ஐயா. ரெண்டு கிலோ கூடினாலும் தெரிஞ்சிரும்" என்றார்.

முதலில், நீர் எங்கே, எவ்வளவு என்று அறியவேண்டும். பெரியவர் பலாப்பழம் தட்டிப் பார்ப்பதுபோல விரல் மடக்கித் தட்டிக்கொண்டே போனார். மேலே 'டங்' என்றது. கீழே வர வர ஒலி மடிந்தது. ஒலி மாறிய இடமெல்லாம் சுண்ணக்கட்டியால் கோடிட்டோம். அடுத்த விடியற்காலையில் அந்தக் கோட்டை இயற்கையே உறுதிசெய்தது. மலைநாட்டு இரவின் குளிரில் வெறும் காற்றுள்ள பகுதி விரைவில் குளிர்ந்து, அதன்மேல் பனிநீர் முத்துமுத்தாகப் படிந்திருந்தது. நீர் நிற்கும் பகுதியோ பகலின் சூட்டை விடாமல் வைத்திருந்ததால் உலர்ந்து கிடந்தது. வலப்பக்க அறையில் ஒரு கோடு, முன்பகுதியாகிய அணியத்தில் ஒரு கோடு, இடப்பக்கத்தில் ஒன்றுமில்லை. காசு செலவில்லாத இந்தச் சோதனையைக் குளிர்நாட்டில் உள்ளவர்கள் எல்லாரும் செய்து பார்க்கலாம்.

வலப்பக்க அறைக்குப் பின்புறத்தில் ஒரு பித்தளைத் தக்கை இருந்தது. வர்ணம் பூசியபோது அதையும் சேர்த்துப் பூசி மறைத்திருந்தார்கள். சுரண்டி, எண்ணெயிட்டு, ஒரு மணி நேரம் போராடித் திருகினோம். சாயத்தண்ணி நிறத்தில் நீர் ஒழுகிற்று, சேற்று நாற்றம். ஒரு செம்பு நிறையுமுன் ஒழுக்கு நின்றுவிட்டது. அணியத்தை மரக்கட்டைகளின்மேல் உயர்த்தினோம். அப்போதும் 'குளுக் குளுக்' என்று விக்கிற்றே தவிர, வரவில்லை. துளையைக் கம்பியால் குத்தினேன். பக்கத்தில் நின்ற மகள், இரண்டு நாட்களாக என்னோடு அதிகம் பேசாதவள், மெல்லச் சொன்னாள்: "அப்பா, டின்பால் பேணிக்கு ரெண்டு ஓட்டை போடவேணுமெல்லோ?"

வாசகர்கள் என்னை மன்னிக்கவேண்டும். உள்ளே காற்றுப் புகாமல் நீர் வெளியே வராது என்பது எட்டாம் வகுப்புப் பாடம்.

மேற்பக்கத்தில் துளையிடவேண்டியதாயிற்று. படகுக்காரர் இதற்கென்று கையகலமான வட்டத் திருகுமூடிகளை விற்கிறார்கள். ரப்பர் வளையத்தோடு வரும். கொழும்பிலிருந்து இரண்டு வருவித்தோம். துளை போடுகிற கருவியில் வட்ட வாளைப் பூட்டி மேல்தோலை அறுத்தார் மைத்துனர். வாள் ஆழமாக இறங்கிவிட்டால் அடித்தோலையும் அறுத்துவிடும் என்பதற்காக அதன் கழுத்தில் ஒரு மரவளையத்தைச் செருகியிருந்தார். அந்த முன்யோசனை அவருடையது. என் பங்கு விளக்குப் பிடித்தது. வட்டம் கழன்றதும் கீழே தக்கையிலிருந்து நீர் பாய்ந்து வந்தது. மூன்று வாளிகள் நிறைந்தன.

அணியத்து அறைக்குத் தக்கையே இல்லை. அங்கே மூடிக்கு இடம் அறுத்தபின், மரக்கறிப் பாத்திக்குத் தண்ணீர் விடும் ரப்பர்க் குழாயை நீரால் நிறைத்து, ஒரு நுனியை உள்ளேயும் மற்றதைச் சரிவிலும் விட்டு இறக்கினோம். ஒன்றரை வாளி. ஆக நாலரை வாளி. வாளி ஒன்றுக்குப் பன்னிரண்டு லீற்றர். ஐம்பத்து நான்கு கிலோ! ஒரு மூடை அரிசியைவிட அதிகம். பெரியவர் தமக்குத் தெரிந்த கணக்கிற் சொன்னார்: "மூணு பொம்பளையாளு ஒரு நாள் பறிக்கிற கொழுந்துங்க." நாளுக்குப் பதினெட்டுக் கிலோ என்பது பல தோட்டங்களிற் கேட்கும் அளவு, கணக்குச் சரியாகவே இருந்தது.

நீர் வடிந்துவிட்டது என்று எண்ணியிருந்த எங்களுக்கு அணியத்துக்குள் இன்னொரு வேலை காத்திருந்தது. கையை விட்டுத் தடவியபோது மெத்தென்று ஏதோ அகப்பட்டது. மிதப்பதற்காக அடைத்த மஞ்சள் நுரைக்கட்டி. உலர்ந்திருந்தால் நெட்டிபோல் இலேசாயிருக்கும். இதுவோ பாலில் ஊறிய பாணைப்போல் கனத்தது. இவ்வகை நுரை வருஷக்கணக்கில் நீரிற் கிடந்தால் தானே குடித்துவிடும். பிறகு வெயிலிலே வைத்தாலும் எளிதில் விடாது. பிடுங்கி எறிவதுதான் வழி. பாண் வெட்டும் கத்தியை மூங்கிற் கழியிற் கட்டி, துண்டு துண்டாக அறுத்து எடுத்தோம். கை சிறியதாயிருந்தபடியால் மூலைமுடுக்குகளுக்கு மகளே வேண்டியிருந்தாள். முழங்கை வரை உள்ளே விட்டு, நாவைக் கடித்துக்கொண்டு, துண்டுகளை இழுத்துப் போட்டாள். தாயார் சன்னல் வழியே பார்த்துக்கொண்டு நின்றதை நான் கண்டேன். தடுக்கவில்லை.

இனி உலர்த்தவேண்டும். அடைபட்ட அறை எளிதில் உலராது. அதிலும் மாலை மூன்று மணிக்கே மூடுபனி இறங்கும் ஊர். தீ மூட்டிச் சூடேற்றலாமா என்று நான் கேட்டேன். மைத்துனர் என்னைத் தேயிலைத் தொழிற்சாலைக்கு அழைத்துச் சென்றார். பறித்துவந்த பச்சைக் கொழுந்தை முதலில் வாட்டுவார்கள். நீண்ட தொட்டிகளில் வலைமீது கொழுந்தைப் பரப்பி, கீழிருந்து விசிறியாற் காற்றைச் செலுத்துகிறார்கள். கொதிக்கும் சூடு இல்லை, ஓயாத காற்றுத்தான். ஓரிரவு கழியுமுன் இலை துவண்டு, நிறை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. "அத்தான், படகையும் வாட்டுவம்" என்றார். மேசை விசிறியின் முன்னே துணியாற் புனல் தைத்து, அதன் வாலாக ஒரு பழைய சேட்டுக் கையைக் கட்டி மூடித்துளைக்குள் விட்டோம். காலை எட்டு மணிக்குத் தொடக்கம்; பனிமூட்டம் இறங்குமுன் நிறுத்தி, துளைகளை மூடிவிடுவோம். இல்லாவிடில் பகலெல்லாம் போக்கிய ஈரத்தை மாலையிலே திரும்ப வாங்கிக்கொள்ளும்.

உலர்ந்ததா என்பதை அறிய ஒரு சோதனை உண்டு. விசிறியை நிறுத்தி, துளையின்மேல் தெளிந்த பொலித்தீன் தாளை ஒட்டி வெயிலில் விட்டோம். முதல் நாள் அரைமணியில் தாளின் உட்புறம் வியர்த்துக் கொட்டிற்று. நான்காம் நாளும் மங்கிற்று. ஏழாம் நாள் தாள் கண்ணாடிபோலக் கிடந்தது.

அந்த நாட்களிலே பெரியவரோடு நிறையப் பேசினேன். தம் முன்னோர் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது. கடல் தாண்டி, மன்னார்க் காட்டுவழி நடந்து வந்தவர்கள் என்பது தெரியும். அந்த ஆண்டு, மலையகத் தமிழர் வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை நினைவுகூரும் ஏற்பாடுகள் எங்கும் நடந்துகொண்டிருந்தன. 1864இல் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிவந்து மூழ்கிப்போன 'ஆதிலட்சுமி' என்ற கப்பலைப் பற்றி அவர் யாரோ பேசக் கேட்டிருந்தார். "அதுக்குள்ளயும் இப்பிடித்தான் தண்ணி இருந்திருக்குமோ?" என்று கேட்டுவிட்டு, விடையை எதிர்பாராமல் கத்தரிப் பாத்திக்குப் போய்விட்டார்.

நீர் புகுந்த வழியை அடைக்காமல் விட்டால் இவ்வளவும் வீண். மேல்துளையில் குழாயை வைத்துச் சுற்றிலும் மெழுகுகொண்டு அடைத்து, வாயால் மட்டும் ஊதினோம். சைக்கிள் பம்பும் சக்கரக் கடைக் காற்றும் ஆகா. சதுர அங்குலத்துக்கு ஓர் இறாத்தல் அழுத்தமென்றால் அற்பமாகத் தோன்றும். ஒரு சதுர அடிப் பலகையிலே அது 144 இறாத்தல்! அறை பிளந்துவிடும். மைத்துனர் கன்னம் புடைக்க ஊத, நான் சவர்க்கார நுரையை மூட்டுகளெல்லாம் தடவிக்கொண்டு போனேன். பின்புறத்தில், சுக்கானைத் தாங்கும் இரும்பின் இரண்டு திருகாணிகளைச் சுற்றிக் குமிழிகள் பூத்தன. மேல்விளிம்பிலும் ஒரு விரற்கடை நீளத்திற்குப் பூத்தன. இவ்வளவுதான் வழி. ஊசி நுழையாத வழி.

இவ்வளவு சிறிய வழியால் எப்படி ஒரு மூடை நீர் நுழைந்தது? பல வருஷத்து மழை ஒரு பங்கு. மறுபங்கை நான் பென்சிலால் கணக்கிட்டுப் பார்த்தேன். அடைத்த அறையும் மூச்சு விடும். விடியலில் பதினைந்து பாகையிலுள்ள காற்று, நீலவர்ணப் படகின்மேல் வெயில் ஏறியதும் நாற்பதைத் தாண்டும். நூறு லீற்றர்க் காற்று ஏறத்தாழப் பத்து லீற்றர் விரிந்து, அந்த ஊசித்துளைகளால் வெளியேறும். குளிரும்போது அதே துளைகளால் உறிஞ்சும். துளை நனைந்திருந்தால் உறிஞ்சுவது நீரை. முற்பகல் முழுதும் வெயிலிற் காய்ந்த படகை, நான் நின்று, "விடுங்கள்" என்று சொல்லி, குளிர்ந்த ஏரியில் விட்டேனே! அப்போதும் அது ஒரு மிடறு குடித்திருக்கும். பகலுக்கும் இரவுக்கும் இவ்வளவு வெப்ப வேறுபாடுள்ள மலைநாட்டிலே, படகு கடற்கரையிலே இருப்பதைவிட அதிகமாக மூச்சு வாங்கும்போலும்.

திருகாணிகளைக் கழற்றி, துளைகளைத் துடைத்து, இப்பொக்சிப் பசையால் நிரப்பி, இறுகியபின் மறுபடி துளையிட்டுப் பூட்டினோம். அணியத்துக்குள் நுரைக்கட்டிக்குப் பதிலாக, மூடி இறுக்கிய வெற்றுக் குடிநீர்ப் போத்தல்களை அடுக்கினோம். ஒன்று உடைந்தாலும் மற்றவை மிதக்கும். லயத்துப் பிள்ளைகள் ஒரே மாலையில் அறுபது போத்தல் கொண்டுவந்து குவித்தார்கள்.

அந்த மாலையிலேதான் மைத்துனர் ஒரு செய்தி சொன்னார். 2013ஆம் ஆண்டுக்குப் பிறகு சில காலம் இந்த ஏரியில் மிதவை விமானங்கள் வந்திறங்கியதுண்டு. சக்கரத்தோடு, தோணி போன்ற இரண்டு மிதவைகளும் அவற்றுக்கு உண்டு. விமானியோ உதவியாளரோ கைப்பம்பு ஒன்றை எடுத்து, மிதவையின் மேலுள்ள சிறு மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, ஒவ்வோர் அறையிலும் பம்பை வைத்து இழுப்பதை அவர் கரையில் நின்று பார்த்திருக்கிறார். "சில அறைகளிலே ஒன்றுமே வராது, அத்தான். ஆனாலும் இழுத்துப் பார்த்துத்தான் மூடுவார்கள். ஏன் இந்த வீண்வேலை என்று அப்போது சிரித்தேன்" என்றார். பறக்கிற இயந்திரத்துக்கு மிதவையில் தங்கும் நீர் எவ்வளவு கேடு என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

நாங்கள் ஊருக்குத் திரும்புவதற்கு முதல்நாள் காலை படகை நீர்க்கரைக்குக் கொண்டுசென்றோம். இருவர் போதுமாயிருந்தது. வெயில் ஏறுமுன் நீரில் விட்டோம், நேராக நின்றது. மகள் அங்கியை அணிந்துகொண்டு தாயாரின் முகத்தைப் பார்த்தாள். தாயார் ஒன்றும் சொல்லாமல் படகருகே சென்று, இரண்டு மூடிகளையும் தம் கையால் திருகித் திறந்து, உள்ளே விரல் விட்டுத் தடவி, விரலைப் பார்த்தார். பிறகு பெரியவரைப் பார்த்தார். அவர் அணியத்தை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். என்னை யாரும் கேட்கவில்லை.

மூன்று அங்கிகள் வாங்கிய பிறகே மூவரும் ஏறினோம். கரையோரமாகவே சுற்றிவந்தோம். பெரியவரையும் அழைத்தேன். "நான் இங்கயே நிக்கிறேங்க" என்று, பாறைமீது குந்திக்கொண்டார்.

ஓகஸ்ட் மாதத்தில், தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மைத்துனர் தொலைபேசியில் அழைத்தார். தக்கையைத் திறந்தாராம், வலப்பக்கத்திலிருந்து அரைக் கோப்பை நீர் வந்ததாம். மேல்விளிம்பில் இன்னும் எங்கோ கசிகிறது. டிசம்பர் விடுமுறைக்கு வந்தால் மறுபடி ஊதிப் பார்க்கலாம் என்றார். பக்கத்திலிருந்த மனைவி தொலைபேசியை வாங்கி, அரைக் கோப்பை என்றால் எந்தக் கோப்பை என்று கேட்டாள்.